சிவகாசி: பழைய காகிதமும் நமது அமானிதமும்

வானம் பார்த்த பூமியான சிவகாசியிலிருந்து 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று திரும்பினர். பட்டாசும் அச்சுத் தொழிலும் தொடர்ந்து வளர்ந்தன. பழைய செய்தித்தாள்கள் வெடிகளுக்கு உறையாயின. சுழற்சிப் பொருளாதாரம் என இன்று நாம் பேசுவது அங்கே சிக்கனமாக முன்னரே இருந்தது.

ஆயினும் அச்சுழற்சி பாதியில் அறுந்தது. வெடித்த காகிதம் தெருக்குப்பையானது, பேரியம் புகையானது. 2012இல் முதலிப்பட்டி வெடிவிபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியத்தையும் சரவெடியையும் தடைசெய்தது. சரவெடியின் திடக்கழிவும் அதற்கொரு காரணம். தொழிலாளர் குடும்பங்களின் பிழைப்பும் ஆட்டங்கண்டது.

பூமியும் தொழிலாளியின் உயிரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். ஹலாலான பொருளா என்று கேட்கும் நாம், அது யாருடைய உழைப்பில் உருவாகி, எங்கே கழிவாகச் சேர்கிறது என்பதையும் கேட்டறிவோமாக.