பேராதனையில் அறிவு யாருக்கு?

மகாவலி கங்கை வளைந்தோடும் பேராதனை, பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அறிவின் பணிமனையாக விளங்கியது. 1821இல் அங்கு நிறுவப்பெற்ற தாவரவியற் பூங்கா கண்ணுக்கு விருந்தாக மட்டும் அமைந்ததன்று. சிங்கோனா, தேயிலை, இறப்பர் முதலிய அந்நியப் பயிர்களைப் பரிசோதித்துத் தோட்டத் துரைமாருக்கு வழிகாட்டிய நிலையம் அது. 1840ஆம் ஆண்டுச் சட்டமோ, உரிமைச் சான்று காட்ட இயலாத காடுகளையும் சேனைகளையும் முடிக்குரியவை ஆக்கிற்று. சட்டம் நிலத்தை அளித்தது. விஞ்ஞானம் பயிரை அளித்தது. தென்னிந்தியத் தொழிலாளி உழைப்பை அளித்தான். கண்டிக் கிராமவாசி சேனையையும் மேய்ச்சலையும் இழந்தான்.

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தபோது இவ்வரலாறு திசைமாறியதா? ஓரளவு மாறிற்று எனலாம். பல்கலைக்கழகத்தின் சமூக பொருளாதார ஆய்வொன்று அயலிலுள்ள பாத்ததும்பறைக் கிராமங்களை நாடிச் சென்றது. சர்க்காரும் தம்பையாவும் எழுதிய அதன் அறிக்கை, 'சிதைந்துவரும் கிராமம்' எனப் பொருள்படும் தலைப்புடன் 1957இல் வெளியாயிற்று. தன்னிறைவும் ஒற்றுமையும் நிறைந்த பழங்கிராமம் என்ற இனிய கற்பனையைத் தலைப்பே கலைத்துவிட்டது. நிலமின்மையும் ஏற்றத்தாழ்வும் உறவின் கட்டுக்களைத் தளர்த்துவதை அது காட்டியது. ஆயினும் அறிக்கை ஆங்கிலத்திலேயே வெளிவந்தது. தன் வாழ்வைக் கூறிய உழவன் அதனைப் படிக்க இயலவில்லை.

கலைத்துறையில் உறவு வேறொரு வடிவம் பெற்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தை மாணவரைக்கொண்டு மேடையேற்றியபோது, மட்டக்களப்பு அண்ணாவியார் ஆசானாகவும் பல்கலைக்கழகத்தார் மாணவராகவும் அமர்ந்தனர். கிராமம் ஆராயப்படும் பொருளாக மட்டுமன்றிக் கற்பிக்கும் ஆசானாகவும் மதிக்கப்பெற்றது.

எனினும் வளாகத்தின் மேலே ஹந்தானை மலைச்சரிவில் லயங்கள் இருந்தன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆக்கப்பட்ட மக்களின் இருப்பிடங்கள் அவை. சிதைந்த கிராமமும் சிறையான லயமும் ஒரே தோட்ட முறையின் இரு விளைவுகள். ஆனால் கிராமத்தை ஆராய்ந்த அவ்வறிக்கையின் பொருளாக லயம் அமையவில்லை.

இன்று பேராதனையின் மருத்துவ, பல்மருத்துவ, கால்நடை மருத்துவ பீடங்களால் சுற்றுப்புற மக்கள் பயனடைகின்றனர். அது போற்றத்தக்க தொண்டே. ஆனால் பல்கலைக்கழகத்தின் மக்கட்பற்றைச் சிகிச்சையின் அளவால் மாத்திரம் மதிப்பிடலாகாது. யாரிடம் சென்று கேட்கிறது, எம்மொழியில் விடை கூறுகிறது, மலைமேல் வாழும் அயலாரின் பிள்ளைக்குத் தன் வாயிலைத் திறந்திருக்கிறதா என்னும் கேள்விகளே அதன் உரைகல். அக்கேள்விகளை எழுப்புவது ஆசிரியர், மாணவர் ஆகிய நம் கடன்.