மெத்தனால் கலந்த சாராயம்: அறிகுறி தோன்றும் வரை காத்திருக்க வேண்டாம்

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தியவர்களில் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டோர் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் சிகிச்சை பெற்றனர். முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் இத்தகைய துயரம் நிகழ்ந்தது. இந்நஞ்சு குறித்து ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டியவை கீழே தரப்பட்டுள்ளன.

மெத்தனால் என்றால் என்ன?

பெயின்ட், தின்னர் போன்றவற்றின் தயாரிப்பில் பயன்படும் தொழிற்சாலை வேதிப்பொருள் மெத்தனால் ஆகும். நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ இதைச் சாராயத்திலிருந்து பிரித்தறிய இயலாது. உடலுக்குள் சென்றபின் கல்லீரல் இதனை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. இந்த அமிலமே பார்வை நரம்பையும் மூளையையும் தாக்கி, இரத்தத்தில் அமிலத்தன்மையை உயர்த்துகிறது.

இம்மாற்றம் நிகழச் சில மணி நேரம் ஆகும். ஆகவே, அருந்தியவர் முதலில் வழக்கமான போதையில் இருப்பவர் போலவே காணப்படுவார். கடுமையான அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்திற்குள் தோன்றும். சிலருக்கு இன்னும் தாமதமாகும். நலமாகத் தோன்றும் இந்த இடைவெளியே சிகிச்சைக்கு மிகவும் உகந்த நேரம்.

அறிகுறிகள்

• தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி, கடும் வயிற்றுவலி
• பார்வை மங்குதல், பனி மூடியது போலத் தெரிதல், வெளிச்சத்தில் கண் கூசுதல்
• மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குதல்
• குழப்பம், வலிப்பு, நினைவிழத்தல்

முதல் நிலை அறிகுறிகளைப் போதை தெளியும்போது ஏற்படும் தலைவலி என எண்ணிப் பலர் உறங்கச் சென்றுவிடுகின்றனர். அவரை உறங்கவிட்டுக் காலை வரை காத்திருப்பது ஆபத்தானது.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

• 108 ஆம்புலன்ஸை அழைக்கவும். கல்வராயன் மலையின் உட்கிராமங்களில் வண்டி வந்து சேரத் தாமதமாகுமெனில், கிடைக்கும் வாகனத்தில் புறப்பட்டு, வழியில் எங்கு சந்திப்பது என 108 பணியாளரிடம் பேசி முடிவு செய்யவும்.
• ஒரே இடத்தில் வாங்கியவர்கள், உடன் அருந்தியவர்கள் அனைவரையும், நலமாக இருப்பினும், அழைத்து வரவும்.
• அருந்திய நேரத்தையும் அளவையும் மருத்துவரிடம் தெரிவிக்கவும். மிஞ்சிய பாக்கெட் அல்லது புட்டியைக் கொண்டு வரவும்.
• மயக்கமடைந்தவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்கவும்; மல்லாந்து படுக்க வைத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடும்.

செய்யக் கூடாதவை

• உப்புநீர் கொடுத்தோ தொண்டையில் விரலிட்டோ வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம்.
• மோர், எலுமிச்சைச் சாறு, எண்ணெய் ஆகியவை இந்நஞ்சை முறிக்க மாட்டா.
• மேலும் மது கொடுக்க வேண்டாம். மருத்துவமனையில் சில வேளைகளில் எத்தனால் முறிமருந்தாகப் பயன்படுத்தப்படுவது உண்மையே. ஆனால் அது அளவறிந்து, தொடர் கண்காணிப்பில் வழங்கப்படுவது.

காவல்துறை குறித்த அச்சம்

நஞ்சு அருந்தியவர் குறித்துக் காவல்துறைக்குத் தகவல் அளிப்பது மருத்துவமனையின் வழக்கமான நடைமுறை. சிகிச்சை அதற்காகக் காத்திருப்பதில்லை. அச்சத்தாலோ கூச்சத்தாலோ "வயிற்றுவலி" என்று மட்டும் கூறினால், உரிய சிகிச்சை தாமதமாகும். உண்மையைக் கூறுவதே உயிர் காக்கும்.

மருத்துவமனையில் அளிக்கப்படும் சிகிச்சை

மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்க ஃபோமெபிசோல் அல்லது எத்தனாலும், அமிலத்தன்மையைக் குறைக்க சோடியம் பைகார்பனேட்டும் வழங்கப்படும். தேவைப்பட்டால் டயாலிசிஸ் மூலம் நஞ்சு வெளியேற்றப்படும். ஏற்கெனவே சேதமடைந்த பார்வை நரம்பு முழுமையாக மீளும் என உறுதி கூற இயலாது; இதனாலேயே விரைந்து வருவது இன்றியமையாதது.

வீடு திரும்பிய பின்

மருத்துவர் குறிப்பிட்ட நாளில் கண் பரிசோதனைக்குத் தவறாது செல்லவும். கை கால் நடுக்கம், நடையில் தள்ளாட்டம் தோன்றினால் தெரிவிக்கவும். பார்வை குறைந்தவருக்கு வீட்டுப் பொருள்களை இடம் மாற்றாமல் வைப்பது, நடைபாதையைத் தடையின்றி வைத்திருப்பது ஆகியவை விழுதலைத் தவிர்க்க உதவும்.

நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது நடுக்கம், வியர்வை, இல்லாதவை கண்ணுக்குத் தெரிதல், வலிப்பு ஏற்படலாம். இது மனவுறுதிக் குறைவன்று. மருத்துவச் சிகிச்சை தேவைப்படும் நிலை. மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமும் தயக்கமின்றிக் கேட்கலாம்.

கள்ளச்சாராயம் எந்த அளவிலும் பாதுகாப்பானதன்று. ஒருவேளை எவரேனும் அருந்திவிட்டால், அறிகுறி தோன்றுமுன்னரே மருத்துவமனைக்கு அழைத்து வரவும்.