எட்டாம் தலைப்பை முதலில் கற்பித்தல்: மாத்தளை வார்டுகளும் தாதிய மாணவரின் நோயாளர் பாதுகாப்புத் திறனும்

"லெட்சுமியா?" என்று கேட்டால், கேள்வி சரியாகக் காதில் விழாவிட்டாலும், வயதான தோட்டத்து அம்மா "ஆமாங்க மிஸ்" என்றுதான் சொல்வார். ரத்தோட்டை, எல்கடுவப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வருவோரோடு பழகியவர்களுக்கு இந்த 'ஆமாங்க' புதிதல்ல. வெள்ளை உடுப்புக்குக் காட்டும் மரியாதை அது. பக்கத்துக் கட்டிலில் இன்னொரு லெட்சுமி படுத்திருந்தால் அந்த மரியாதையே ஆபத்தாகிவிடும். தாதிய மாணவருக்கு நோயாளர் பாதுகாப்பைக் கற்பிப்பது இந்தக் கட்டிலருகிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

மருத்துவத் தவறுகளால் அமெரிக்க வைத்தியசாலைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கக்கூடும் என்று அந்நாட்டு மருத்துவ நிறுவகம் 1999இல் மதிப்பிட்ட பிறகே இத்துறை உலகின் கவனத்துக்கு வந்தது. தனியாளைக் குற்றம் சொல்வதை விட்டு, தவறு நழுவிச் செல்லும் ஓட்டைகளைத் தேடச் சொன்னவர் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட நோயாளர் பாதுகாப்புப் பாடத்திட்ட வழிகாட்டி 11 தலைப்புகளைக் கொண்டது. நோயாளரையும் பராமரிப்போரையும் ஈடுபடுத்துவது அதில் எட்டாவது. மாத்தளையில் அது முதலாவதாக வர வேண்டும்.

காரணம் மொழி. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் சிங்களவர். எஞ்சியோரில் பெரும்பாலானோர் தமிழ் பேசும் மலையகத் தமிழர், இலங்கைத் தமிழர், முஸ்லிம்கள். கண்டித் தாதியர் கல்லூரியிலோ பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ படித்து இங்கே பணிக்கு வரும் சிங்களத் தாதி, ஆங்கிலத்தில் எழுதிய பெட் ஹெட் டிக்கட்டை (நோயாளர் பதிவுத்தாளை) வைத்துக்கொண்டு தமிழ் நோயாளியிடம் பேச வேண்டும். 1987இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஊசியோடு நிற்பவருக்குச் சட்டப் பிரிவு உதவாது. சிற்றூழியரோ பக்கத்துக் கட்டில்காரரோ மொழிபெயர்த்துவிடுவார்கள் என்பது வழக்கமான பதில். கருச்சிதைவு பற்றியோ சிறுநீர்ப் பிரச்சினை பற்றியோ அடுத்த கட்டில்காரர் வழியாக எந்தப் பெண் வாய் திறப்பாள்?

அடையாளம் காண்பதையே எடுத்துக்கொள்வோம். குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2007இல் பரிந்துரைத்தது. லெட்சுமி என்ற ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் நாலு விதமாக வரும். முதியோர் பலருக்குப் பிறந்த தேதி நிச்சயமில்லை. ஆகவே, பெயரை நாமே எடுத்துக்கொடுக்காமல் "உங்க பேர் என்னாங்க? அப்பா பேர்? எந்தத் தோட்டம், எந்த டிவிசன்?" என்று கேட்டு, வரும் பதிலைக் கிளினிக் கொப்பியோடு ஒப்பிட வேண்டும். 'ஆமாங்க' என்று பதில் சொல்ல முடியாதபடி கேட்பதும் ஒரு தொழில்நுட்பமே. அதைப் பழகத்தான் வேண்டும்.

ஒவ்வாமை இன்னும் சிக்கலானது. 2023இல் ஊசி மருந்துக்குப் பின்னான ஒவ்வாமை மரணங்களும் தரமற்ற இமியூனோகுளோபுலின் விவகாரமும் இலங்கையை உலுக்கின. பேச்செல்லாம் கொள்வனவையும் தரக்கட்டுப்பாட்டையும் சுற்றியே போனது. அது நியாயந்தான், ஆனாலும் கட்டிலருகே கேட்கப்படும் கேள்வி அந்த இரைச்சலில் மறைந்துபோனது. 'அலர்ஜி இருக்கா?' என்றால் தோட்டத்து நோயாளி 'இல்லை' என்பார். "எந்த மருந்தாச்சும் ஒத்துக்காமப் போயிருக்கா? மேலெல்லாம் தடிச்சுதா, மூச்சு முட்டுச்சா?" என்று கேட்டால்தான் பழைய கதை வெளியே வரும். திறன்கூடத்துப் பொம்மை ஊசி போடக் கற்றுக்கொடுக்கும். 'ஒத்துக்காது' என்று அது சொல்லாது.

இதே மாவட்டத்து அலுவிகாரையில்தான், மனனத்தை மட்டும் நம்பினால் அழிந்துவிடும் என்று அஞ்சிப் பிக்குகள் திரிபிடகத்தை ஏட்டில் எழுதினார்கள் என்பது மரபு. வாய்மொழி மருந்துக் கட்டளையைத் திரும்பச் சொல்லி உறுதிசெய்து எழுதும் பழக்கத்தைக் கற்பிக்க எனக்கு இதைவிடப் பொருத்தமான கதை தெரியாது. எழுதினால் மட்டும் போதாது என்பதும் உண்மை: இன்சுலின் அளவில் பத்துக்குப் பக்கத்தில் இடும் ஆங்கில 'யூ' எழுத்து சுழியமாகப் படிக்கப்பட்டு நூறாகிவிடும். அதனால்தான் 'யூனிட்' என்று முழுச் சொல்லாக எழுதச் சொல்கிறோம்.

அப்படியொரு பிழையை மாணவி கண்டுவிட்டால்? சிஸ்டரிடம் சொல்லத் துணிவு வராது. சொல்லி ஏச்சு வாங்கியவள் அடுத்த முறை மறைக்கப் பழகுவாள். 'தைரியமாகச் சொல்லுங்கள்' என்ற அறிவுரையால் பயனில்லை. "சிஸ்டர், இந்த அளவை இன்னொரு தடவை பார்ப்போமா?" என்ற வாக்கியத்தையே, வாய்க்குப் பழகும்வரை சொல்ல வைக்க வேண்டும். கேட்கும் சிஸ்டருக்கும் பயிற்சி தேவை. அது தனிக் கட்டுரைக்குரியது.

புள்ளியில்லாத எதையும் மாணவர் படிப்பதில்லை. ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் சிறியது: அடுத்த செய்முறைப் பரீட்சையில் ஒரு மேசையில் பொம்மையை எடுத்துவிட்டு, எதைக் கேட்டாலும் 'ஆமாங்க' என்று மட்டும் சொல்லும் தமிழ் நோயாளியாக ஒருவரை உட்கார வையுங்கள். மருந்தைக் கையில் எடுக்குமுன் அவருடைய பெயரை அவர் வாயாலேயே வரவழைத்த மாணவருக்குப் புள்ளி கொடுங்கள்.