ஆச்சி வீடியோவும் 80 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும்

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே. 2013. நான் ப்ளஸ் ஒன். சிங்கப்பூர் மாமா லீவுக்கு வந்தப்போ கையில ஒரு ஏவிசிஎச்டி கேம்கார்டர். அம்பாசமுத்திரத்துல ஆச்சியைத் திண்ணையில உட்கார வச்சு, 1992-ல தாமிரபரணியில வெள்ளம் வந்த கதையைச் சொல்லச் சொல்லி 40 நிமிஷம் எடுத்தேன். வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் அந்த எம்டிஎஸ் ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. நெட்ல கிடைச்ச ஒரு கன்வெர்ட்டர்ல போட்டு, இருக்கறதுலயே சின்ன சைஸை க்ளிக் பண்ணினேன். அப்பாடா, திறந்துடுச்சு! மாமா ஊருக்குக் கிளம்பற அவசரத்துல கார்டை ஃபார்மட் பண்ணிக் கொடுத்துட்டேன்.

எவ்வளவு பெரிய தப்புன்னு புரிய ஒரு இன்ஜினியரிங் டிகிரி, சில வருஷ வேலை, கூடவே கொஞ்சம் வரலாறும் தேவைப்பட்டுச்சு. அந்த வரலாறுதான் இந்தப் பதிவு.

ஃபிலிம் காலத்துல இருந்து ஆரம்பிப்போம். கேமராவுல ஓடின நெகட்டிவை எடிட்டர் தொடவே மாட்டார். அதுல இருந்து ஒரு பிரதி எடுப்பாங்க. பேரு வொர்க் பிரிண்ட். வெட்டறது, ஒட்டறது, கீறல் விழறது எல்லாம் அதுல. கடைசியா ஃபிலிம் ஓரத்துல இருக்கற நம்பரைப் பார்த்து, அதே இடத்துல நெகட்டிவை வெட்டுவாங்க. ஆக, எடிட் பண்ண ஒண்ணு, பத்திரமா வைக்க ஒண்ணு.

1956-ல ஆம்பெக்ஸ் கம்பெனி வீடியோ டேப் மெஷினைக் கொண்டு வந்தப்போ இந்த நிம்மதி போச்சு. 2 இஞ்ச் அகல டேப். கண்ணால பார்த்தா படமே தெரியாது. இரும்புத் துகள் கலந்த திரவத்தைத் தடவி, பூதக்கண்ணாடி வழியா தடத்தைப் பார்த்து, பிளேடால வெட்டணும். காப்பி எடுத்தா தரம் குறையும். அதனால ஒரிஜினல் மேலயே கத்தி. வெட்டினா வெட்டினதுதான், கன்ட்ரோல்-இசட் எல்லாம் கிடையாது :-)

1971-ல சிபிஎஸ்ஸும் மெமோரெக்ஸும் சேர்ந்து சிஎம்எக்ஸ் 600-னு ஒண்ணு செஞ்சாங்க. வாஷிங் மெஷின் சைஸ் டிஸ்க்குகள்ல வீடியோவைக் கருப்பு வெள்ளையா, தரம் குறைச்சு ஏத்தி, அதுல எடிட் பண்ணி, எங்க எங்க வெட்டணும்ங்கற பட்டியலை மட்டும் வெளிய எடுக்கறது. கவனிச்சீங்களா? பழைய வொர்க் பிரிண்ட்தான், வேற சட்டையில.

1995-ல டிவி ஃபார்மட் வந்துச்சு. விநாடிக்கு 25 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி. ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படம். ஃபயர்வயர் கேபிளைச் செருகினோமா, எடிட் பண்ணினோமான்னு இருந்தது. கன்வெர்ட்ங்கற பேச்சே இல்லை. பொற்காலம்!

2003-ல எச்டிவி. அதே டேப், அதே 25 மெகாபிட், ஆனா எச்டி. எப்படி அடைச்சாங்க? நம்ம மளிகைக்கடை அண்ணாச்சி நோட்டு மாதிரி. முதல் நாள் மட்டும் மொத்த பாக்கியை எழுதிட்டு, அப்புறம் 'கூட 20, கழிச்சு 10'னு மாற்றத்தை மட்டும் எழுதறது. அதே மாதிரி 12 ஃப்ரேமுக்கு ஒண்ணுதான் முழுப் படம், மத்ததெல்லாம் வித்தியாசம் மட்டும். 2006-ல வந்த ஏவிசிஎச்டி இதே வேலையை எச்.264 வச்சு இன்னும் இறுக்கமா செஞ்சது. வரிசையா ஓட்டிப் பார்க்க அருமை. நடுவுல வெட்டணும்னா? எட்டாவது நாள் பாக்கி தெரிய முதல் நாள்ல இருந்து கூட்டிக்கிட்டு வரணுமே. கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும்.

இதுக்கு மருந்தா வந்ததுதான் எடிட்டிங்குக்கான இடைநிலை ஃபார்மட்டுகள். சினிஃபார்ம், 2004-ல அவிடோட டிஎன்எக்ஸ்எச்டி, 2007-ல ஆப்பிளோட ப்ரோரெஸ். எல்லாத்துலயும் ஐடியா ஒண்ணுதான்: வித்தியாசக் கணக்கைப் பிரிச்சு, ஒவ்வொரு ஃப்ரேமையும் மறுபடி முழுப் படமா எழுதிடு. விலை? சைஸ். என் ஆச்சி வீடியோ விநாடிக்கு 17 மெகாபிட், 40 நிமிஷத்துக்கு 5 ஜிபி சொச்சம். அதை 25 ஃப்ரேம் 1080 ப்ரோரெஸ் 422 ஆக்கினா விநாடிக்கு 122 மெகாபிட், கிட்டத்தட்ட 37 ஜிபி. என்கிட்ட இருந்த மொத்த ஹார்ட் டிஸ்க்கே 80 ஜிபி!

இங்கதான் நான் கோட்டை விட்டேன். எடிட் பண்ண மாத்தினா ஃபைல் பெருசாகும், அனுப்ப மாத்தினா சிறுசாகும். ரெண்டுக்கும் பேரு 'கன்வெர்ட்'தான். நான் செஞ்சது ரெண்டாவது. பெருசாக்கினா இல்லாத தரம் ஒண்ணும் புதுசா வராது, ஆனா இருக்கறது பெருசா போகாது. சிறுசாக்கினா போனது போனதுதான்.

இடம் இல்லாதவனுக்கும் வழி இருந்தது. 2009-லேயே ப்ரோரெஸ் ப்ராக்ஸி வந்துடுச்சு, விநாடிக்கு 38 மெகாபிட்தான். லேசான பிரதியில எடிட் பண்ணிட்டு, கடைசியில ஒரிஜினலோட கோத்துக்கலாம். மறுபடியும் அதே வொர்க் பிரிண்ட்! 2021-ல ஐபோன் 13 ப்ரோ கேமராவே நேரா ப்ரோரெஸ்ல எழுத ஆரம்பிச்சது. 4கே-ல நிமிஷத்துக்கு 6 ஜிபி. மத்த பெரும்பாலான போன்கள்ல இன்னும் அண்ணாச்சி கணக்குதான்.

ஆச்சி 2019-ல போயிட்டாங்க. எங்கிட்ட இருக்கறது 320-க்கு 240 ஃபைல் ஒண்ணு. குரல் இருக்கு. 'தண்ணி வாசப்படி ஏறிட்டுல்லா'ன்னு கையைத் தூக்கிக் காட்டற இடத்துல கை கட்டம் கட்டமா உடையுது. முகத்துல சுருக்கமே இல்லை, எல்லாத்தையும் கன்வெர்ட்டர் வழிச்சு எடுத்துடுச்சு. புது சாஃப்ட்வேர் எது எதுலயோ போட்டுப் பார்த்தேன். அது வரையறது வேற யாரோ ஒரு பாட்டி முகம்.

அதனால மக்களே, எந்த ஃபார்மட்டுக்கு வேணா மாத்துங்க. ஆனா கேமராவுல இருந்து வந்த ஃபைலை முதல்ல ரெண்டு இடத்துல காப்பி பண்ணிட்டு அப்புறம் மாத்துங்க. நெகட்டிவைத் தொடாம வச்ச அந்தக் காலத்து எடிட்டர்கள் ஒண்ணும் முட்டாள் இல்லை.

டிஸ்கி: மாமா மேல தப்பே கிடையாது. கார்டை ஃபார்மட் பண்ணினது நான்தான்.