பியூனும் பயனியரும்

அலுவலகத்தில் கோப்பு தூக்கிவரும் பியூனுக்கும், அமெரிக்கக் காட்டை வெட்டிக் குடியேறிய பயனியருக்கும் ஒரே பாட்டன்தான். லத்தீனில் பாதத்துக்கு 'பெஸ்' என்று பெயர். குதிரையில்லாமல் நடந்தே போர்க்களம் போகும் காலாளுக்கு அதிலிருந்து ஒரு சொல் பிறந்தது. போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது பியூன் ஆயிற்று; பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது பயனியர் ஆயிற்று. சதுரங்கப் பலகையின் முன்வரிசைக் காலாளுக்கு ஆங்கிலத்தில் உள்ள 'பான்' என்ற பெயரும் இதே குடும்பம்தான்.

ஐரோப்பியப் படைகளில் பயனியருக்கு ஆயுதத்தைவிட மண்வெட்டியும் கோடரியும்தான் முக்கியம். பீரங்கி வண்டி வருவதற்குள் மரத்தைச் சாய்த்து, பள்ளத்தைத் தூர்த்து, பாதை போட்டுவிட வேண்டும். 1780இல் சென்னையில் திரட்டப்பட்ட 'மெட்ராஸ் பயனியர்ஸ்' செய்ததும் இந்த வேலையைத்தான். இன்றைய மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தொடக்கம் அது.

அமெரிக்காவில் குடியேற்றப் பாதை வெட்டிய டேனியல் பூனின் கதையில் சொல் தன் பழைய தொழிலுக்கே திரும்புகிறது. 1773இல் அவர் குடும்பத்தோடு கென்டக்கிக்குக் கிளம்பினார். வழியில் அமெரிக்கப் பூர்வகுடிகள் தாக்கியதில் மூத்த மகன் ஜேம்ஸ் இறந்துபோக, கூட்டம் திரும்பிவிட்டது. 1775 மார்ச்சில், ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற நில வியாபாரிக்காகச் சுமார் முப்பது கோடரிக்காரர்களுடன் கம்பர்லேண்ட் கணவாய் வழியாகப் பாதை வெட்டினார். கென்டக்கி ஆற்றங்கரையில் பூன்ஸ்பரோ எழுந்தது. மனைவி ரெபெக்காவும் பிள்ளைகளும் அதே ஆண்டு வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் ஆற்றில் படகில் இருந்த மகள் ஜெமிமாவையும் இரண்டு தோழிகளையும் பூர்வகுடிகள் பிடித்துப்போக, பூன் தடம் பார்த்துத் துரத்தி மீட்டார்.

வெட்டிய பாதைக்கு 'வில்டர்னஸ் ரோடு' என்று பெயர். ரோடு என்பது மரியாதைக்குத்தான். 1796 வரை அதில் வண்டி போக முடியாது. சோளவிதை, உப்பு, இரும்புச்சட்டி எல்லாம் குதிரை முதுகில். நடக்கத் தெரியாத குழந்தைகளைக் கூடையில் உட்காரவைத்து, குதிரையின் இருபுறமும் தொங்கவிட்டவர்களும் உண்டு.

1823இல் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் தன் நாவலுக்கே 'தி பயனியர்ஸ்' என்று தலைப்பு வைத்தார். மண் வெட்டுகிறவனின் பெயருக்கு அவ்வளவு மவுசு வந்திருந்தது. நாமும் 'முன்னோடி' என்று அதை மொழிபெயர்த்துக்கொண்டோம்.

ஆனால் பூனுக்கு முன்னால் அங்கே யாரும் போகவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அவர் பாதை நெடுந்தூரம் பூர்வகுடிகளின் 'வீரர் தடம்' வழியாகவும் காட்டெருமைத் தடங்கள் வழியாகவும் சென்றது. ஹெண்டர்சன் நிலத்தை வாங்கியது செரோக்கிப் பூர்வகுடியினரிடம். அங்கே வேட்டையாடிவந்த ஷாவ்னிகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செரோக்கிகளிலேயே டிராகிங் கனூ என்ற தலைவர் அந்த விற்பனையை எதிர்த்தார்.

பூனுக்கும் நிலம் தங்கவில்லை. பத்திரக் குளறுபடிகளிலும் வழக்குகளிலும் கென்டக்கிச் சொத்து கைவிட்டுப் போக, 1799இல் அப்போது ஸ்பெயின் வசமிருந்த மிசூரிக்குப் போனார். அங்கே கிடைத்த நிலமும் அமெரிக்க ஆட்சி வந்ததும் பறிபோயிற்று. 1814இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைத் திருப்பித் தந்தபோது, பழைய கடன்களை அடைக்கவே அதை விற்க வேண்டியிருந்தது.