கங்காணியின் அதிகாரம்: நெகிரி செம்பிலான் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

மலாயாத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் கங்காணி கொடியவராகவோ ஊர்ப் பெரியவராகவோ சித்திரிக்கப்பட்டு வந்துள்ளார். அவர் யாருடைய முகவர் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை.

பிறருக்காக ஒரு செயலைச் செய்யவோ மூன்றாமவரிடம் அவர் சார்பில் நிற்கவோ அமர்த்தப்பட்டவரே முகவர் என்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் வரையறை. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 135ஆம் பிரிவில் அதனையே பின்பற்றுகின்றது.

லிங்கி, போர்ட்டிக்சன், சிரம்பான் வட்டாரங்களில் காப்பிக்குப் பின் இரப்பர் பரவியபோது ஆள்தேவை பெருகிற்று. தோட்டத் துரை தம்மிடம் வேலைபார்த்த ஒருவரையே அவருடைய சொந்த ஊருக்கு அனுப்பினார். அவர் கையில் உரிமச்சீட்டு இருந்தது. எந்தத் தோட்டத்திற்கு எத்தனை பேரைத் திரட்டலாம் என்பதை அது வரையறுத்தது. தொழிலாளர் இலாகாவில் பதியப்பட்ட அச்சீட்டைச் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த மலாயாக் குடிபெயர்வு அலுவலகத்தில் காட்டவேண்டும். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்திற்குப் பின் கிராம முன்சீப்பின் சான்றும் வேண்டப்பட்டது. சட்டம் கூறும் வெளிப்படை அதிகாரம் இவ்வளவே.

ஆனால் எழுத்தறியாத உழவன் சீட்டைப் படித்துப் புறப்படவில்லை. கோட்டும் குடையுமாய் வந்த உறவினரின் சொல்லை நம்பிப் புறப்பட்டான். கூலியும் வீடும் பற்றிக் கங்காணி கூட்டிச் சொன்னவற்றிற்குத் துரை பொறுப்பாவாரா? முகவர்க்கு அதிகாரம் உண்டென்று பிறர் நம்பும்படி முதல்வர் தம் சொல்லாலோ செயலாலோ நடந்துகொண்டால் அவர் கட்டுப்படுவார் என்கிறது 190ஆம் பிரிவு. துரை கொடுத்தனுப்பிய சீட்டே அந்நம்பிக்கைக்கு வித்து என்பது என் கருத்து. ஆயினும் பால்மரம் வெட்டும் கூலியாள் இதனைச் சொல்லி வழக்காடுவது எளிதன்று. 1923 முதல் இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் மலாயாவில் அமர்ந்தார். தோட்டங்களைப் பார்வையிட்டு அறிக்கை தரலாமேயன்றித் துரைக்கு ஆணையிட அவருக்கும் அதிகாரமில்லை.

கங்காணியின் ஊதியமுறை இச்சிக்கலை மேலும் முறுக்கியது. தம் ஆட்கள் வேலைக்கு வந்த நாள்களுக்கேற்ப அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் வேறு தோட்டத்திற்குப் போனால் அவ்வருவாய் போய்விடும். எனவே முன்பணமும் கடனும் கொடுத்து ஆளைப் பிடித்துவைப்பது அவருக்கு நன்மையாயிற்று. துரையின் முகவர், தொழிலாளிக்குக் கடன்காரர், ஊரில் மாமன் அல்லது சித்தப்பன் என மூன்று நிலைகள் ஒருவரிடமே கூடின. குறைகளைத் துரையிடம் எடுத்துச்சொல்ல வேண்டியவரும் பெரும்பாலும் அவரே.

1937இல் வெளியான வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரின் அறிக்கை இவ்வாள்சேர்ப்பு முறைக்கு ஆதரவளிக்கவில்லை. 1938இல் உதவிபெற்ற குடிபெயர்வை இந்திய அரசு தடைசெய்ததும் உரிமச்சீட்டுக்கு வேலையில்லாது போயிற்று. தோட்டத்தில் கங்காணி என்னும் பெயர் வேலை மேற்பார்வையாளரைக் குறிப்பதாய் நிலைத்தது.