கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு சூரியன்!

சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். “அண்ணாச்சி, வீட்டு ஹால்ல உப்புத்தண்ணித் தொட்டி வச்சு பவளம் வளர்க்கப் போறேன். தூத்துக்குடியில இருந்து உயிரோட ஒரு துண்டு கொண்டாந்து தாரேன்னு ஒருத்தன் சொல்லுதான். என்ன லைட் போடலாம்?”

“டியூப்லைட் போதாதா?” என்றேன். பி.காம். படித்தவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்! அப்புறம் புரட்டிப் பார்த்தால்... அடேயப்பா, அந்த விளக்குக்குப் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது.

பவளம் செடியுமல்ல, கல்லுமல்ல. பிராணி! அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடித்தனம் நடத்துகின்றன. வெயிலில் அவை உணவு சமைத்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுத்துவிடும். 1928-ல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபுக்குப் போன ஆங்கிலேய விஞ்ஞானி மாரிஸ் யங்கின் குழு, பவளங்களை வெளிச்சம் புகாத பெட்டியில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தது. என்ன ஆச்சு? குடித்தனக்காரர்களைப் பவளம் வெளியே தள்ளிவிட்டது. நிறம் போய் வெளுத்தது.

ஆக, பவளத்துக்கு வெளிச்சம் அலங்காரமல்ல, சாப்பாடு!

1961-ல் ஜகார்த்தாவின் லீ சின் எங், இயற்கை வெளிச்சத்தையும் உயிருள்ள பாறைகளையும் வைத்தே தொட்டியில் பவளம் வளர்ப்பதைப் பற்றி எழுதினார். வெயில் இல்லாத ஐரோப்பியர் என்ன செய்வார்கள்? 1980-களில் ஜெர்மனிக்காரர்கள் மெட்டல் ஹாலைடு விளக்கைத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டார்கள். ஸ்டேடியங்களில் போடுவார்களே, அந்த ஜாதி! பவளம் வளர்ந்தது, கூடவே தண்ணீரும் சூடேறியது. சங்கரன்கோவில் சித்திரை வெயிலில் அதைப் போட்டால் பவள ரசம்தான் மிஞ்சும்.

விடிவு 1993-ல் ஜப்பானிலிருந்து வந்தது. ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கினார். கம்பெனி கொடுத்த போனஸ் 20,000 யென்! வழக்குப் போட்டு, 2005-ல் சுமார் 84 கோடி யென் வாங்கினார். 2014-ல் இன்னும் இருவரோடு நோபல் பரிசும் வந்தது. கடல்நீர் சிவப்பு ஒளியைச் சீக்கிரமே விழுங்கிவிடும்; ஆழம் வரை போவது நீலம்தான். அதனால் நீலமும் வெள்ளையும் கலந்த எல்.இ.டி.தான் இன்று பவளத் தொட்டிகளின் சூரியன். அதையும் முதல் நாளே முழு வேகத்தில் எரியவிட்டால் பவளம் வெளுத்துவிடும். நாள்கணக்கில் மெதுவாகக் கூட்ட வேண்டும்.

விளக்குக்கு விடை கிடைத்துவிட்டது. பவளத்துக்கு?

மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு காலம் பவளத்தை வெட்டி வெட்டி வண்டியேற்றினார்கள். அலையைத் தடுக்கும் அரண் போனது. 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள்ளேயே முழுகிவிட்டன! 2001-ல் கல் பவளங்கள் அனைத்தையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை. மாட்டினால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் ஜெயில்.

நண்பரிடம் சொன்னேன். மறுமுனையில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“வேணும்னா க்ளௌன் மீன் வளருங்க. அதைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிற வித்தையை நம்ம மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனமே கண்டுபிடிச்சிருக்கு. அதுக்குப் பெரிய வெளிச்சமும் வேண்டாம்.”

“அப்ப நீங்க மொதல்ல சொன்ன டியூப்லைட்டே போதும்னு சொல்லுங்க அண்ணாச்சி!”